ரெண்டு ஆட்டுக்குட்டி, மேடைக்கு

'சேர்க்கப்பட்டது' என்று திரையில் வந்ததும் வனிதாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எதில் சேர்க்கப்பட்டது என்று பார்த்த பிறகுதான் முதலாளியிடம் ஓடினாள்.

"சார், சோதனை டெம்ப்ளேட்ல போட வேண்டியதை நெசமான டெம்ப்ளேட்ல போட்டுட்டேன்."

"என்னத்தப் போட்ட?" என்றார் செல்வகணேஷ். எட்டயபுரம் ரோட்டில் பாத்திரக்கடை மாடியில் மூன்று கம்ப்யூட்டரை வைத்துக் கம்பெனி நடத்தும் முதலாளி அவர்.

"ரெண்டு ஆட்டுக்குட்டி, மேடைக்கு."

செல்வகணேஷுக்கு டீ புரையேறியது.

கல்யாண கான்ட்ராக்டர் சோலைச்சாமிக்காக அந்தக் கம்பெனி ஒரு சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தது. அதில் 'கல்யாணம்' என்று ஒரு டெம்ப்ளேட், அதாவது மாதிரிப் பட்டியல். வாழைமரம் கட்டுவதிலிருந்து எச்சில் இலை எடுப்பது வரை எல்லா வேலையும் அதில் இருக்கும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அதைப் பார்த்துத்தான் வேலைத்தாள் அச்சாகும். புது வேலை ஏதாவது வந்தால், வெளியே எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் அதை டெம்ப்ளேட்டில் சேர்த்துவிட ஒரு கருவி உண்டு. ஏபிஐ என்பார்கள். அதைச் செய்த சண்முகராஜ் ஊரில் கோயில் கொடை என்று லீவில் போயிருந்தான். செல்போனையும் அணைத்து வைத்துவிட்டான்.

அந்தக் கருவிக்கு விளக்கப் புத்தகம் எழுதுவதுதான் வனிதாவின் வேலை. சோலைச்சாமி திருப்திப்பட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் அவளுக்கு வேலை நிரந்தரம். போடாவிட்டால் கம்பெனிக்குப் பூட்டு. வேலை போன மறுநாளே அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க அவள் அப்பா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தயாராக இருந்தார்.

"புத்தகத்துக்கு ஊருல வேற உதாரணமே கெடைக்கலயா உனக்கு?"

"உதாரணத்தை யாரும் நெசம்னு நெனச்சிரக் கூடாதுல்லா சார்? கல்யாண மேடைக்கு எவனாவது ஆடு கேப்பானா?"

"சரி, அழிச்சிரு."

"இந்தக் கருவி சேக்க மட்டுந்தான் செய்யும். அழிக்கது அடுத்த வெர்ஷன்ல."

"உள்ள போயிப் பாக்க முடியாதா?"

"பாஸ்வேர்டு சோலைச்சாமி அண்ணாச்சிட்டல்லா இருக்கு."

"அவியகிட்ட மட்டும் கேட்டுராத தாயி! இன்னைக்குக் கழுகுமலையில அவிய கான்ட்ராக்ட் கல்யாணம் வேற!"

செல்வகணேஷ் யோசித்தார். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

"'வந்த ஆட்டைத் திருப்பி அனுப்பவும்'னு இன்னொண்ணு சேத்துரு."

வனிதா சேர்த்தாள். 'சேர்க்கப்பட்டது.' அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"சார், கடைசியா சேக்கது மேல போயி நிக்கும்னு சண்முகராஜ் சொன்னான். ஆடு வாரதுக்கு முன்னாலயே திருப்பி அனுப்பச் சொல்லுது."

"அப்ப, 'மேலே உள்ள ரெண்டையும் விட்டுவிடவும்'னு சேத்துரு."

அதுவும் சேர்க்கப்பட்டது. அதுவும் மேலே போய் நிற்கும். அதற்கு மேலே வேலைத்தாளில் இருப்பது மணமகன் பெயரும் மணமகள் பெயரும்தான் என்று வனிதா சொன்னபோது, செல்வகணேஷ் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

வனிதா கழுகுமலை மண்டபத்துக்குப் போன் போட்டாள். சோலைச்சாமியின் மேஸ்திரி பூவனநாதன் எடுத்தார்.

"அண்ணாச்சி, அங்கன ஆட்டுக்குட்டி ஏதாச்சும் வந்திருக்கா?"

"ரெண்டு வந்திருக்கு தாயி. குளிப்பாட்டி, மாலை போட்டு, மேடைப் பக்கத்துல கெட்டியாச்சு."

அவ்வளவுதான். முதலாளியின் பைக் கழுகுமலைக்குப் பறந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த வனிதா வழியில் கண்ட சாமிக்கெல்லாம் தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

மண்டபத்தில் நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது. மேடையோரம் இரண்டு குட்டிகள், நெற்றியில் மஞ்சள், கழுத்தில் செவ்வந்தி மாலை. மாப்பிள்ளையைவிட அவை களையாக இருந்தன. வனிதா கயிற்றை அவிழ்த்தாள், செல்வகணேஷ் பின்னாலிருந்து தள்ளினார். யார் கண்ணிலும் படாமல் சமையல்கட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினார்கள்.

அங்கே தலைமைச் சமையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"சைவச் சாப்பாடுன்னுல்லா சொன்னாவ? மாத்திட்டாவளா? ஏலே, மசாலா அரைங்கல!"

"ஐயோ வேண்டாம் அண்ணாச்சி!" என்று வனிதா பதறி, கயிற்றை மறுபடியும் அவிழ்த்தாள். அதற்காகவே காத்திருந்ததுபோல ஒரு குட்டி பந்திக்குள் பாய்ந்து இலைகளைத் தின்றுகொண்டே போனது. மற்றது மணப்பெண் அறைக்குள் நுழைந்து, முகூர்த்த மாலையில் பாதியை முடித்துவிட்டது.

அப்போது மண்டபமே அதிரும்படி ஒரு குரல் கேட்டது.

"என் சீரை அவுத்துட்டுப் போனவன் எவம்லே?"

மணப்பெண்ணின் தாய்மாமன் கோபாலசாமி, தலையில் உருமாலோடு நின்றார். தலைமுறை தலைமுறையாக ஆடு வளர்க்கிற குடும்பம். தாய்மாமன் கொண்டுவந்த குட்டிகளை மேடையில் வைத்துப் பெண் தன் கையால் அவற்றின் கயிற்றை வாங்கிய பிறகுதான் அவர்கள் வீட்டில் தாலி ஏறும். வெள்ளாமை செய்கிற வீட்டுப் பெண்ணான வனிதாவுக்குத் தெரிந்த சீரெல்லாம் பித்தளை அண்டாவும் பட்டுச்சேலையும்தான்.

"ஆடு மேடைக்கு வாராம தாலி ஏறட்டும், பாக்குதேன்!" என்றார் கோபாலசாமி.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. கான்ட்ராக்டர் சோலைச்சாமி வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். வனிதாவுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் முன்னால் போய் நின்றாள்.

"நான்தான் அண்ணாச்சி. காலையில 'ரெண்டு ஆட்டுக்குட்டி, மேடைக்கு'ன்னு நான்தான் டெம்ப்ளேட்ல சேத்தேன். அதான் ஆடு வந்துட்டோன்னு நெனச்சு..."

சோலைச்சாமி கையை உயர்த்தினார். "இரு. ஆடு மேடைக்குன்னு நீ முன்னாலயே சேத்துட்டியா?"

"ஆமா அண்ணாச்சி."

"அடி ஆத்தி! அலைச்சல்ல நான் இன்னைக்குத் தாளையே பாக்கல. மேடையில ஆட்டுக்கு எடம் விடாம மெத்தையை விரிச்சு வச்சிருக்கேன். முப்பது வருசமா கல்யாணம் பாக்குத எனக்குத் தோணல, உன் மிஷினுக்குத் தோணியிருக்கே!"

கோபாலசாமியின் மீசை மெல்ல இறங்கியது. "எங்க ஆடு கம்ப்யூட்டர்லயே ஏறிட்டா?"

"ஏறிட்டு மாமா," என்று முந்திக்கொண்டார் செல்வகணேஷ்.

பிறகென்ன? குட்டிகளைப் பிடித்து வந்தார்கள். மிச்சமிருந்த மாலையோடு பெண் மேடை ஏறினாள். கயிறு கை மாறியது, தாலியும் ஏறியது. முதல் பந்தியிலேயே வனிதாவை உட்கார வைத்து, கோபாலசாமி தன் கையால் பாயசம் ஊற்றினார். சோலைச்சாமி சாப்பிட்ட கையைக் கழுவியதும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். எல்லா மண்டபத்துக்கும் இந்தக் கருவிதான் என்று சொல்லிவிட்டார். வனிதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

திங்கட்கிழமை சண்முகராஜ் கொடை முடிந்து, நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்து சேர்ந்தான். வனிதா அவன் கையில் ஒரு லட்டைத் திணித்தாள்.

"தம்பி, உன் கருவி தங்கம்ல! மூணு தடவை சேத்தேன், மூணும் கணக்காச் சேந்துட்டு. அதுலதான் கம்பெனியே பொழைச்சிருக்கு."

சண்முகராஜ் லட்டைக் கடிக்காமல் அவளையே பார்த்தான்.

"எங்கன யக்கா சேரும்? யாரு எதை அனுப்புனாலும் 'சேர்க்கப்பட்டது'ன்னு சொல்லத்தான் அதுக்கு இப்ப தெரியும். எதை எப்படிச் சேக்கணும்னு நீங்க புத்தகம் எழுதி முடிச்சாத்தானே எனக்கே தெரியும்!"