மாமியின் மதர்போர்டும் மீன் ஐஸும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் நான் பட்ட அவமானங்களில் முதலிடம், என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நடந்ததற்குத்தான்.

திருகோணமலையில் துறைமுகத்துக்குக் கிட்ட நான் கணினி திருத்தும் கடை வைத்திருந்தேன். மாப்பிள்ளையின் தாய் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை. கப்பலில் வேலை செய்த தன் தம்பி எண்பதுகளில் கொண்டுவந்து கொடுத்த கணினியை, அவர் இன்னொரு பிள்ளை மாதிரி வைத்திருந்தார். இரண்டு வருடமாக அதன் திரையில் ஒன்றும் வரவில்லையாம். சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த அம்மாவின் கையிலிருந்து போனைப் பறித்து, "கொண்டு வாங்கோ மாமி, அரை மணித்தியாலத்திலை திருத்தித் தாறன்" என்று சொல்லிவிட்டேன். (அப்போது எனக்கு வயது இருபத்தாறு. வாய்க்கு ஆறு.)

பலகாரத் தட்டோடு கணினியும் வந்து இறங்கியது.

மாப்பிள்ளையைப் பார்த்தவுடனேயே எனக்குப் பிடித்துவிட்டது. தேநீர் கொடுத்த கையோடு கணினியைக் கழற்றி, மின்சாரம் கொடுத்து, மதர்போர்டிலிருந்த சிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒன்று தோசைக்கல்லாகச் சுட்டது.

"இதுதான் மாமி கள்ளன்," என்றேன் விரலை ஊதியபடி. "குளிர வைச்சால் கொஞ்ச நேரம் உயிர் வரும். வந்தால், இந்தச் சிப்பை மாத்தினால் போதும்."

"அப்ப குளிர வைச்சுக் காட்டுங்கோ பிள்ளை."

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் அப்போது பழுது. (ஊராரின் சாமான் திருத்துகிறவள் வீட்டில் வேறு எப்படி இருக்கும்?) அப்பா சைக்கிளில் பறந்துபோய், நொறுக்கிய ஐஸோடு வந்தார். எங்கே எடுத்தார் என்று கேட்க எனக்குப் பொறுமையில்லை. அதை ஒரு பொலித்தீன் பையில் கட்டிச் சிப்பின் மேல் வைத்தேன்.

திரையில் எழுத்து வந்தது! மாமி கைதட்டினார். மாப்பிள்ளை என்னைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். பையை மறந்துபோனேன்.

"என்ன பிள்ளை, மீன் மணக்குது?"

ஐஸுக்குள் கிடந்த மீன் முள் ஒன்று பையைக் குத்திவிட்டிருந்தது. சிவப்புத் தண்ணீர் மதர்போர்ட் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. 'டிக்' என்று திரை இருண்டது. எங்கள் வீட்டுப் பூனை மேசையில் ஏறி, நக்கத் தொடங்கியது.

"துறைமுகத்திலை நிண்ட மீன்பிடிப் போட்டிலை, பாரை மீன் வைச்ச பெட்டியிலை இருந்து எடுத்தனான்," என்றார் அப்பா பெருமையாக. "நல்ல ஐஸ்!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணமும் கணினியோடு சேர்ந்து போய்விட்டது என்றே நினைத்தேன். "நான்தான் பழுதாக்கிப்போட்டன் மாமி," என்றேன்.

மாமி ஒரு மீன் செதிலைக் கிள்ளி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "திருத்தித் தாறன் எண்டு சொன்னனீங்கள். திருத்தி முடியுமட்டும் உங்களை விட ஏலாது," என்றார் தன் மகனைப் பார்த்துக்கொண்டே. மாப்பிள்ளை தலையாட்டினார்.

கல்யாணத்துக்குப் பிறகு போர்டைக் கழுவி, வெயிலில் காயவைத்து, எங்கெங்கோ தேடிப் புதுச் சிப்பும் போட்டேன். கணினி இன்றைக்கும் ஓடுகிறது. ஆனால் சரியாக அரை மணித்தியாலத்தில் சூடேறி, வீடு முழுக்கக் கருவாட்டு மணம் எழும்பும். ஞாயிற்றுக்கிழமைகளில் மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்கா கேட்பார்: "டீச்சர், இண்டைக்கும் கருவாடோ?"

"இல்லைப் பிள்ளை," என்பார் மாமி. "மருமகள் திருத்தின கொம்பியூட்டர்."