ஞாயிற்றுக்கிழமைக் குதிரை

மைக்கில் பச்சை விளக்கு எரியவில்லை.

மருந்துக் கடைக்காரன் அதைத் தட்டிப் பார்த்தான். ஊதிப் பார்த்தான். பேட்டரியைக் கழற்றி, சட்டையில் தேய்த்து, மறுபடியும் போட்டான். விளக்கு எரியவில்லை. சாயங்காலம் நண்பர்கள் வருவார்கள். வந்ததும் பாடுவார்கள். பாட வழியில்லை என்றால் அடுத்த வாரம் வருவார்களா?

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆரம்பத்தில் நண்பர்கள் அடிக்கடி வந்தார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். சுவரைப் பார்த்தார்கள். கிளம்பினார்கள். வருவது மெல்ல மெல்லக் குறைந்தது.

பொழுது போகட்டும் என்று பழைய சாமான் கடையில் ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கினான். கூடவே கால்பந்து என்று அட்டை போட்ட ஒரு டிஸ்க். வீட்டுக்கு வந்து போட்டால் பந்தும் இல்லை, மைதானமும் இல்லை. தொப்பி போட்ட ஒரு குதிரை வந்து நின்றது. கிடாரும் கையுமாக மாட்டுக்காரர்கள் பாடுகிற கன்ட்ரி பாட்டுகள் அதில் இருந்தன. வரிகள் திரையில் ஓடும், நாம் மைக்கில் பாட வேண்டும். சுதி சேர்ந்தால் குதிரை ஓடும். பிசகினால் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, பாடுகிறவரைத் திரும்பிப் பார்க்கும்.

அந்த வாரம் எட்டிப் பார்த்த நண்பன் எலக்ட்ரீஷியன் விளையாட்டாக மைக்கை எடுத்தான். முதல் வரியிலேயே குதிரை படுத்துவிட்டது. மருந்துக் கடைக்காரன் தன்னை அறியாமல் சிரித்துவிட்டான்.

வந்தது வினை. மறுவாரம் எலக்ட்ரீஷியன் வாத்தியாரை இழுத்து வந்தான். வாத்தியார் தன் மனைவியைக் கூட்டி வந்தார். அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் தப்பவில்லை.

அந்தப் பாட்டுகள் அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எலக்ட்ரீஷியன் வாயைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல்கள் மூடிக்கொள்ளும். கணக்கு வாத்தியாரோ, இவற்றை மூக்கால் பாடினால்தான் எடுபடும் என்று கண்டுபிடித்து, அந்தக் கண்டுபிடிப்பை விடுவதாக இல்லை. வாத்தியார் மனைவி பாடுவதில்லை. எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டு முடிவிலும் கைதட்டி, “நல்லா இருந்துச்சு” என்று மெல்லிய குரலில் சொல்வார். அவருக்கு அதிர்ந்து பேச வராது.

பொண்டாட்டி செத்துப்போகிற பாட்டு வந்தால் எலக்ட்ரீஷியன் அவசரமாகப் பட்டனை அழுத்தித் தாண்டிவிடுவான். அந்த வகைப் பாட்டில் அதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது லாரியும் நாயும்தான். ஆகவே வாராவாரம் லாரியையும் நாயையும் உயிரைக் கொடுத்துப் பாடினார்கள். இவ்வளவு ஆசையாகப் பாடுகிறவர்களிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவனும் பாடினான்.

இப்போது மைக் செத்துக் கிடந்தது.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அதன் அடிப்பக்கத்தைத் திறந்தான். உள்ளே ஒரு சிவப்பு ஒயர் துண்டாகி நின்றது. இவ்வளவுதானா என்று நிம்மதியாக, காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி ஒன்றை எடுத்து இரண்டு முனையையும் ஒட்டினான். ஒட்டும் நேரத்தில் ஒரு குட்டி ஸ்பிரிங் துள்ளிக் குதித்து சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

சோபாவைத் தள்ளினான். சோபா மேசையைத் தள்ளியது. மேசை, தன் பங்குக்கு, கேம் பெட்டியைத் தள்ளியது.

பெட்டியைத் தரையிலிருந்து எடுத்துத் துடைத்து, டிஸ்க்கைப் போட்டு, டிவியைப் போட்டான். குதிரை வரவில்லை. படிக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. டிஸ்க்கை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். காம்பஸ் வைத்துப் போட்டதுபோல் சுத்தமான வட்டமாக ஒரு கீறல். கீழே விழுந்த வேகத்தில் இவ்வளவு திருத்தமாகக் கூட கீறல் விழுமா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மருந்துக் கடைக்காரன் கையில் எது கிடைத்தாலும் முதலில் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பான். துடைத்தான். டிஸ்க்கின் மேலிருந்த எழுத்து பாதி பஞ்சோடு வந்துவிட்டது. கீறலுக்குப் பற்பசை நல்லது என்று எங்கோ கேட்ட ஞாபகம். தேய்த்துக் கழுவினான். டிஸ்க் பளபளவென்று, புதினா வாசனையோடு, முன்போலவே படிக்க முடியாமல் இருந்தது.

டிஸ்க் இல்லாவிட்டால் என்ன, போனில் அதே மாதிரிப் பாட்டைப் போட்டு, வாராவாரம் அலறும் அந்தப் பெரிய ஸ்பீக்கரில் விட்டால் கூடவே பாடலாமே என்று தோன்றியது. குதிரை இருக்காது. அது ஒரு வகையில் நல்லதுதான், அந்தப் பிராணியும் எவ்வளவுதான் தாங்கும். ஸ்பீக்கரில் போனை இணைத்து, பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டான்.

படார் என்று ஒரு சத்தம். தலைக்கு மேல் மின்விசிறி இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றுபோனது. ஃபிரிட்ஜ் உறுமுவதை நிறுத்தியது. மொத்த வீடும் கப்சிப்.

மருந்துக் கடைக்காரன் நடுக்கூடத்தில் நின்றான். தொட்டதெல்லாம் துலங்குகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறான். இனி ஒரே வழிதான். இன்றைக்கு அவர்களை வரவிடாமல் செய்வது. நாளைக்குக் கடைக்குப் போய் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

வாத்தியாருக்குப் போன் செய்தான். குரலைக் கொஞ்சம் கரகரவென்று ஆக்கிக்கொண்டான்.

“வாத்தியாரே, உடம்பு சரியில்ல. இன்னிக்கு வேண்டாம்னு பாக்கறேன்.”

“என்ன பண்ணுது?”

“காய்ச்சல்.”

“எவ்வளவு?”

தெர்மாமீட்டர் விற்கிறவன் இந்தக் கேள்விக்குத் தடுமாறக் கூடாது. நம்ப வேண்டுமே என்று கொஞ்சம் கூட்டியே சொன்னான். மறுமுனையில் வாத்தியார் யாரிடமோ செருப்பை எடுக்கச் சொல்வது கேட்டது.

“அப்படியே படு. எழுந்திரிக்காத. இதோ வந்துட்டோம்.”

சாயங்காலம் வரவேண்டியவர்கள் மத்தியானமே வந்தார்கள். சோபாவை நகர்த்தி வைக்கக்கூட நேரமில்லை. அவன் கட்டிலில் விழுந்து, இருந்த பெரிய கம்பளியை எடுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டான். விசிறி இல்லாத அறை, நல்ல வெயில் நேரம். வாத்தியார் மனைவி நெற்றியில் கை வைத்தபோது நிஜமாகவே அனலடித்தது.

“கொதிக்குதுங்க” என்றார் கணவரிடம்.

எலக்ட்ரீஷியன் வேறெதையும் கேட்கவில்லை. வாசலில் வேன் நிற்கிறது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கு என்றான். வாத்தியார் கால்பக்கம் வந்தார். மருந்துக் கடைக்காரன் வேண்டாம் என்றான், சரியாகிவிடும் என்றான், மாத்திரை போட்டாயிற்று என்றான். அவர்கள் கம்பளியோடு சேர்த்துச் சுருட்டி அவனைத் தூக்கிவிட்டார்கள். கூடத்தைத் தாண்டி வாசல்வரை போய்விட்ட பிறகு, அந்தரத்தில் தொங்கியபடியே அவன் உண்மையைச் சொன்னான்.

“காய்ச்சல் இல்லடா. கேம் போச்சு.”

அவனை இறக்கி வைத்தார்கள். கம்பளியைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒன்று விடாமல் ஒப்பித்தான். மைக், ஸ்பிரிங், சோபா, பற்பசை, ஸ்பீக்கர். எல்லாம் என்னால்தான் என்றான். சொல்லி முடித்துவிட்டு, அவர்கள் முகம் தொங்கிப்போவதைப் பார்க்கப் பிடிக்காமல் தரையைப் பார்த்தான்.

அவர்களைப் போலப் பெருந்தன்மையான மனிதர்களை அவன் பார்த்ததில்லை. யாரும் திட்டவில்லை. எலக்ட்ரீஷியன் மைக்கைக் கையில் வாங்கினான். ஊரில் பாதி வீட்டு மிக்சிக்கு உயிர் கொடுத்தவன், மைக்கின் மூடியைத் திறக்காமலே, “இது தேறாது” என்றான். வாத்தியார் டிஸ்க்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதை நினைத்து வருத்தப்பட வேண்டாம், குப்பையில் தானே போட்டுவிடுவதாகச் சொல்லி, தன் பைக்குள் வைத்துக்கொண்டார். ஸ்பீக்கரைப் பார்க்கலாமா என்று எலக்ட்ரீஷியன் குனிந்தபோது, எரிந்துபோன சாமானைத் தொட வேண்டாம், கையில் அடித்துவிடும் என்று வாத்தியார் மனைவி தடுத்துவிட்டார். கைபடாமல் இருக்க அதன்மேல் ஒரு துணியையும் போட்டு மூடினார்.

எலக்ட்ரீஷியன் ஃபியூஸை மாற்றினான். விசிறி சுற்றியது. இனி கிளம்பிவிடுவார்கள் என்று மருந்துக் கடைக்காரன் காத்திருந்தான்.

கிளம்பவில்லை. வாத்தியார் நாற்காலி நுனியை விட்டுவிட்டு சோபாவில் காலை மடித்து உட்கார்ந்துகொண்டார். இடம் மாறிக் கிடந்த சோபா இப்போது ஜன்னலோரம் இருந்தது, காற்று நன்றாக வந்தது. அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். வாத்தியார் மனைவி அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தார். எலக்ட்ரீஷியன் இருந்த முட்டையை எல்லாம் உடைத்து, ரொட்டியோடு சேர்த்துப் பொரித்து, பாதியைக் கருக்கி, கருகினால்தான் ருசி என்று சாதித்தான்.

பேச்சு எங்கெங்கோ போனது. ஒரு வீட்டில் பல்பு மாற்றப் போனபோது, தன்னை மாப்பிள்ளை என்று நினைத்து அவர்கள் உட்காரவைத்து உபசரித்த கதையை எலக்ட்ரீஷியன் சொன்னான். பலகாரம் முழுவதும் தின்று முடித்த பிறகுதான் ஏணியை எடுத்தானாம். விடைத்தாளில் பையன் ஒருவன், கணக்குக்குப் பதிலாக, எங்கள் வாத்தியார் ரொம்ப நல்லவர் என்று எழுதிவைத்ததை வாத்தியார் சொன்னார். மார்க் போட்டீர்களா என்று கேட்டதற்கு, சரியான விடைக்கு மார்க் போடாமல் எப்படி என்றார். நடுவில் வாத்தியார் மனைவி, மருந்துக் கடைக்காரனின் மனைவி ஒரு தடவை டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டு, இது புது வகை என்று அடித்துப் பேசியதை ஞாபகப்படுத்தினார். சட்டென்று எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். யாரும் பேச்சை மாற்றவில்லை.

இப்படி ஒரு ஞாயிறு போய் எத்தனையோ நாளாயிற்று என்று அவனுக்குத் தோன்றியது. அதனாலேயே குற்ற உணர்ச்சி பொங்கிக்கொண்டு வந்தது. பாட முடியாமல் போன ஏக்கத்தை வெளியே காட்டாமல், தனக்காக எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த நல்ல மனிதர்களை இப்படியே அனுப்பக் கூடாது.

அவர்கள் செருப்பைத் தேடத் தொடங்கியபோது எழுந்து நின்றான்.

“கவலைப்படாதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள புதுசு வாங்கிடறேன். இதைவிடப் பெருசு. ஆளுக்கு ஒரு மைக், நாலு பேரும் ஒரே நேரத்துல பாடலாம்.”

எலக்ட்ரீஷியன் ஒரு செருப்பை மாட்டியபடி அப்படியே நின்றான். வாத்தியார் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டார்கள்.

வாத்தியார் மனைவிதான் திரும்பி வந்து, அவன் கையைப் பிடித்து, வழக்கமான அந்த மெல்லிய குரலில் சொன்னார்:

“வேண்டாம் தம்பி, மைக்கையும் டிஸ்க்கையும் கெடுத்த புண்ணியவானுங்க யாருன்னு எனக்குத் தெரியாது, ஆனா அந்த ஸ்பீக்கருக்குப் போன வாரம் ஒரு கப் டீ குடுத்தது நான்தான்.”