மீட்டர் அங்கிளின் மான் வேட்டை

மான்களுக்கு இந்த உலகத்தில் மீட்டர் அங்கிளைவிடப் பாதுகாப்பான வேட்டைக்காரர் கிடைக்கமாட்டார். பல வருஷமாக வில்லும் அம்புமாகக் காடேறியவர். எனக்குத் தெரிந்து அவரால் அழிந்தது, பயிற்சிக்காக வீட்டுக்குப் பின்னால் நிறுத்திய ரப்பர் மான் ஒன்றுதான். அதுவும் வெயிலில் வெடித்துப் போனது, அம்பு பட்டல்ல.

பென்டில் ஹில் என்ற ஊரில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. வேலை நேரம் போக, கழுத்தில் பைனாகுலர், இடுப்பில் ரேஞ்ச்ஃபைண்டர். இந்த இரண்டாவது சாமான் கைக்கு அடக்கமானது. எதையாவது குறிபார்த்துப் பொத்தானை அழுத்தினால், அது எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறதென்று காட்டும். தூரம் தப்பினால் அம்பும் தப்பும் என்பதால் வில் வேட்டைக்காரர்களுக்கு அது அவசியம்தான். ஆனால் மான் கிடைக்காத நாளில் கருவி சும்மா இருக்குமா? ஒருமுறை கோயில் அன்னதான வரிசையில், எனக்கு முன்னால் நின்றபடி வடைத் தட்டைக் குறிபார்த்தார்.

“இருபத்தொரு மீற்றர், தம்பி.” உடனே பைனாகுலரைத் தூக்கினார். “ஆறு வடைதான் கிடக்கு.”

“அங்கிள், சாமி பார்க்குறார்!”

சன்னதிப் பக்கம் திரும்பிப் பொத்தானை அழுத்தினார். “அவர் நாப்பது மீற்றரிலை நிக்கிறார். பிரச்சினை இல்லை.”

அவர் மனைவி, எங்கள் அன்ரியின் அறுபதாவது பிறந்தநாள் வந்தது. விருந்துக்கு மான் கறி என்று அங்கிள் தெருவுக்கே அறிவித்துவிட்டார். அன்ரியின் தம்பிக்கு, அதாவது அங்கிளின் மச்சானுக்கு, அடர்ந்த மீசையும் அதைவிட அடர்ந்த வாயும் உண்டு.

“அத்தான் மான் கொண்டுவந்தா நான் மீசையை வழிக்கிறன். இல்லாட்டி அந்த வில்லை எனக்குத் தந்துபோட வேணும்.”

“ஓம்,” என்றார் அங்கிள். ராத்திரி போர்வை போர்த்தி வைக்கிற வில் அது.

விருந்துக்கு முந்தின நாள் கோல்பர்ன் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனோம். பயிரை மான் மேய்கிறதென்று பண்ணைக்காரரே கூப்பிட்டிருந்தார். நான் டிரைவர். மானுக்கு மூக்குத்தான் கண் என்பது அங்கிளின் கட்சி. அதனால் மணமில்லாத சோப்பில் குளித்து, அதே சோப்பில் துவைத்த ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். என் சென்ட்டுக்குத் தடை. என் இட்லிப் பொட்டலம் காரிலேயே சிறையிருந்தது.

புதருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். வந்தது பாருங்கள், கிளை கிளையாகக் கொம்போடு ஒரு மான்! அங்கிள் பைனாகுலரைத் தூக்கினார், தொப்பி விழுந்தது. ரேஞ்ச்ஃபைண்டரைத் தூக்கினார், இரண்டு வாரும் பின்னிக்கொண்டன. வில்லைத் தூக்கக் கை மிச்சமில்லை. நான்தான் சிக்கெடுத்தேன். மான் பொறுமையாக மேய்ந்தது.

“முப்பத்திரண்டு மீற்றர். மூச்சைப் பிடியுங்கோ.”

“நானா, மானா?”

“ரெண்டு பேரும்.”

நாணை இழுத்தார். கை கொஞ்சமும் ஆடவில்லை. மச்சானின் மீசை போயிற்று என்றே நினைத்தேன். அந்த நேரம் பார்த்துக் காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசியது. மான் மூக்கைத் தூக்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், தும்மியது. பிறகு அதைக் காணோம்.

எனக்கும் மூக்கு நமநமத்தது. வறுத்த மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம். அவர் கைப்பக்கம் குனிந்து மோந்தேன்.

“அங்கிள், இந்த ஜாக்கெட்டை எங்க காயப்போட்டீங்க?”

“கராஜுக்கை.”

வீட்டுக்குள் நெடி ஏறக் கூடாதென்று அன்ரி கறித்தூள் வறுக்கிற இடம் அந்தக் கராஜ்தான். இத்தனை வருஷம் மான்கள் ஏன் ஓடின என்று எனக்கு விளங்கியது. அங்கிள் சட்டைக் கையை மோந்து பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார்.

“மச்சான்கிட்ட இதைச் சொல்லிடுங்க அங்கிள். வில் தப்பிச்சிடும்.”

“ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, தம்பி. தன்ரை தூளாலைதான் எண்டு தெரிஞ்சா அவவுக்கு மனம் நோகும். பிறந்தநாள் அதுவுமா.”

மறுநாள் ஹரிஸ் பார்க் கடையில் வாங்கிய ஆட்டிறைச்சிதான் கறியானது. மச்சான் மீசையை முறுக்கிக்கொண்டு, “என்ன அத்தான், மானுக்கு இண்டைக்கு லீவோ?” என்று கேட்டார். வீடே சிரித்தது.

“காத்து மாறிப்போச்சு,” என்றார் அங்கிள். பொய்யில்லை. உள்ளே போய் வில்லை எடுத்துவந்து கொடுத்தார். பிறகு அன்ரியிடம் தட்டை நீட்டி, “உம்மடை தூளின்ரை வாசமே தனி. இன்னும் கொஞ்சம் போடும்,” என்றார். அன்ரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் கறியைப் பிசைந்தபடி மச்சான் கையிலிருந்த வில்லையே பார்த்தேன்.

வில் போனாலும் வேட்டை நிற்கவில்லை. “வில்லைத்தானே கேட்டவன்?” என்று மற்ற இரண்டையும் கழுத்திலும் இடுப்பிலும் மாட்டிக்கொண்டு இன்றும் பண்ணைக்குப் போகிறார். மானை அளந்துவிட்டு எனக்குப் போன் செய்து தூரம் சொல்கிறார். ஜாக்கெட் இன்னமும் கராஜில்தான் காய்கிறது.

நாங்கள் கெல்லிவில்லுக்குக் குடிமாறிவிட்டோம். அன்ரி அவ்வப்போது தூள் கொடுத்தனுப்புகிறார். பொட்டலத்தைப் பிரித்ததும் எனக்கும் அந்த மானைப் போலவே ஓடத்தான் தோன்றுகிறது, நேரே பென்டில் ஹில்லுக்கு.