களி கிண்டாத வீடு

வந்திருந்தவர்கள்: திட்ட அலுவலர், சென்னையிலிருந்து வந்த வடிவமைப்பு நிபுணர், விரிவாக்க அலுவலர் முனிராஜ், புகைப்படக்காரர், இண்டூர் ஞானமேரி, ஞானமேரியின் இருமல். கடைசியாகச் சொல்லப்பட்டவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் கூட்டத்தில் அதிகம் பேசியவர் அவர்தான்.

மனிதன் குகையை விட்டு வெளியேறிய பிறகு, குடியிருப்பு வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி 1986-இல்தான் நடந்தது. இண்டூருக்கு மேற்கே, சோளக்காட்டு ஓரத்தில், 'எரிசக்திச் சிக்கன, தூய காற்று மாதிரி இல்லம்' கட்டி முடிக்கப்பட்டது. சுவர், சுடாத மண் கல். கூரைக்கு மூங்கில். எதிரெதிரே ஜன்னல். உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு. மூலையில் மண்ணால் செய்த புகையில்லா அடுப்பு. அதிலிருந்து கூரைக்கு மேலே ஒரு குழாய்.

இந்த மகத்துவத்துக்கு இடம் வேண்டி ஞானமேரியின் பழைய வீட்டைப் பிரித்துப் போட்டார்கள். "புகையில கெடந்தா நெஞ்சு போயிரும்மா," என்று முனிராஜ் எடுத்துச் சொல்லியிருந்தார். இருபது வருஷம் புகை குடித்த நெஞ்சுக்கு அது நியாயமாகப் பட்டது. ஆறு மாதமாக அவளும் புருஷன் சவுரியப்பனும் மாட்டுக் கொட்டகையில் இருந்தார்கள். ஐப்பசி பிறந்துவிட்டது. கொட்டகை ஒழுகியது. இன்று சாவி கொடுப்பதாகப் பேச்சு.

நிபுணர் முதலில் ஒரு பாத்திரம் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காட்டினார். புகை வரிசையில் நின்று குழாய் வழியாக வெளியேறியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இப்ப நீங்க சமைங்கம்மா, போட்டோவுக்கு."

ஞானமேரி உலையில் ராகி மாவைக் கொட்டினாள்.

"என்ன இது?"

"களிங்க."

"சோறு இல்லையா?"

"சோறு ஞாயித்துக்கெழமைங்க. பூசை முடிஞ்சு வந்து."

பானை ஆடாமலிருக்க அதன் கழுத்தில் கவட்டைக் குச்சியைக் கொடுத்துக் காலால் மிதித்துக்கொண்டாள். களிக்கோலை இரண்டு கையாலும் பிடித்து, ஊரில் எல்லோரும் கிண்டுவதுபோல் கிண்டினாள். நாலாவது சுற்றில் அடுப்பு விளிம்பு வாய் பிளந்தது. ஐந்தாவதில் குழாய் கழன்றது. புகை உள்ளேயே தங்கிவிட்டது. வெள்ளைச் சுவரில் ஒரு கறுப்பு நாக்கு நீண்டது. புகைப்படக்காரர் அதைப் படம் எடுக்கவில்லை.

வேப்பமரத்தடியில் அவசரக் கூட்டம் கூடியது.

"சோதனைச்சாலைல தேறின அடுப்பு இது," என்றார் நிபுணர்.

"என்னத்த வெச்சுங்க சோதிச்சீங்க?" என்றாள் ஞானமேரி.

"தண்ணி."

"தண்ணிய நாங்க குடிப்பமுங்க. திங்கறது களி."

திட்ட அலுவலர் ஆழ்ந்து யோசித்தார். "கிண்டாம களி செய்ய முடியாதா?"

"கட்டி கட்டியா நிக்குமுங்க."

"நின்னா என்ன?"

"உங்கூட்டம்மா இட்லிய கல்லாட்டம் அவிச்சா என்னங்க பண்ணுவீங்க?"

டிரைவர் ஜீப்புக்குள் சிரித்தார். திட்ட அலுவலர் கோப்பைத் திறந்தார். "பாரும்மா. கணக்கெடுப்புப் படிவம். தினசரி உணவு: அரிசிச் சோறு. சொன்னது நீ. கைநாட்டு உன்னுது."

ஞானமேரி தன் கைநாட்டை எட்டிப் பார்த்தாள். அது உண்மை. அன்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள். பேண்ட் போட்ட ஆளிடம் களி என்று சொல்ல நாக்கு கூசியது. சோறு என்று சொல்லிவிட்டாள். காலையில் இரண்டு உருண்டை களி தின்றுவிட்டு வந்திருந்த முனிராஜும் கண் சிமிட்டாமல் 'அரிசி' என்று எழுதிக்கொண்டார்.

"நீங்களாச்சும் சொல்லுங்க சார். உங்கூட்ல என்ன திங்கறீங்க?"

முனிராஜ் நிபுணரைப் பார்த்தார். "சப்பாத்தி," என்றார்.

அதன்பின் தீர்மானம் எளிதாக நிறைவேறியது. பயனாளி தவறான தகவல் அளித்ததுடன், சமையல் செய்து அடுப்பைச் சேதப்படுத்தியும் இருக்கிறார். எனவே சுவருக்கு மறுபடி சுண்ணாம்பு அடித்து, இல்லத்தைப் பார்வையாளர்களுக்காகப் பாதுகாப்பது.

"நான் எங்கீங்க போறது?"

"இத்தனை நாள் எங்க இருந்தியோ, அங்கதாம்மா," என்றார் திட்ட அலுவலர், மிக்க கனிவோடு.

தூறல் விழுந்தது. ஞானமேரி பாதி வெந்த களிப்பானையைத் தூக்கிக்கொண்டு இருமியபடி வெளியே வந்தாள். நிபுணர் உள்ளே நின்று கடைசியாக மூச்சை இழுத்துப் பார்த்து, அறிக்கையை எழுதி முடித்தார்: 'இல்லத்தினுள் இருமல் முற்றிலும் ஒழிக்கப்பட்டது.' அவரும் வெளியேறினார். முனிராஜ் கதவைச் சாத்திப் பூட்டினார்.