பாய்லருக்குப் பொட்டு வைத்த காடு

குளிர் வந்தால் பாறைக்கும் பல் கிட்டிக்கொள்ளும் ஒரு மலைக்காட்டில், புலி முதலாளி ஒரு வணிக வளாகம் கட்டிக் கடைகளை வாடகைக்கு விட்டிருந்தார். அடித்தளத்தில் ஒரு பாய்லர். அது வெந்நீரைக் குழாய் வழியே அனுப்பினால் கடைகளெல்லாம் கதகதப்பாக இருக்கும். அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்பது போன குளிர்காலத்தில் தெரிந்தது. தன் உடம்பாலேயே துணி அளந்து விற்கும் ஜவுளிக்கடைச் சாரைப்பாம்பு விறைத்துப்போனார். துணி வாங்க வந்த ஆமை அவரைக் கைத்தடி என்று நினைத்து ஊன்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது.

வளாகத்துக்கு மேனேஜர் அய்யாக்கண்ணு என்கிற தேவாங்கு. புலி அவரைக் கூப்பிட்டு மென்மையாகத்தான் சொன்னார்.

"இந்தத் தடவையும் நான் சுத்திப் பாக்க வரும்போது கட்டடம் சில்லுனு இருந்தா, எதையாவது சாப்பிட்டுத்தான் நான் சூடேத்திக்கணும், அய்யாக்கண்ணு."

'எதையாவது' என்றபோது முதலாளியின் பார்வை எங்கே போனது என்பதை அய்யாக்கண்ணு கவனித்தார்.

பனி விழுமுன் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வேண்டும், குழாய்களில் அடைத்த காற்றைத் திறந்துவிட வேண்டும், பாய்லரை ஒருமுறை பற்றவைத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. இவ்வளவுதான் என்றால் ஏன் யாரும் செய்வதில்லை என்று யோசித்தார். நான் ஏன் செய்யவில்லை என்றும் யோசித்தார். யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆயுத பூஜை வந்துவிட்டது.

கடைக்காரர்கள் திரண்டு கீழே வந்தார்கள். பாய்லரைப் பளபளவென்று துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். சலூன்கார மந்தி கூரைக்குத் தாவி, ஒரு திருஷ்டிப் பூசணிக்காயைப் புகைபோக்கியின் வாயில் உட்காரவைத்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது.

"ஒருதரம் பத்தவெச்சுப் பாத்துடலாமா?" என்றார் அய்யாக்கண்ணு.

"பூஜை போட்ட மிஷினை அன்னிக்கே யாராவது ஓட்டுவாங்களா சார்? நீங்கல்லாம் ஒரு மேனேஜர்," என்றார் மந்தி.

மறுநாளும் கேட்டார். நல்ல வெயில் அடித்தது. "இந்த வெயில்ல பாய்லர் போட்டா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்," என்றார் பேக்கரி முயல். ஊர் சிரிப்பதை அய்யாக்கண்ணு நினைத்துப் பார்த்தார். விட்டுவிட்டார்.

பனி விழுந்தது. பற்றவைத்தார். மேலே போக வழியில்லாத புகை திரும்பி வந்து அவர் மூஞ்சியில் அடித்தது, தீ அணைந்தது. மறுபடி பற்றவைத்தார். மறுபடியும் மூஞ்சி. சலூனுக்கு ஓடினார்.

"அந்தப் பூசணிக்காயை எடுத்துடலாமா அண்ணே?"

"வெச்ச திருஷ்டியை எடுத்தா வளாகமே விளங்காது. அப்புறம் உங்க இஷ்டம்."

'உங்க இஷ்டம்' என்று யாராவது சொன்ன பிறகு அய்யாக்கண்ணு எந்தக் காரியத்தையும் செய்ததில்லை.

அன்று சாயங்காலம் கடைக்காரர்கள் எல்லோரும் சண்டைக்குப் பாய்லர் அறைக்கு இறங்கினார்கள். சாட்சிக்கு வாடிக்கையாளர்களையும் கூட்டி வந்தார்கள். டீக்கடைக் கரடி பாய்லரில் சாய்ந்துகொண்டு உறுமினார். அவர் தோளில் கிடந்த சாரைப்பாம்பு, "என்னைப் பாருங்கய்யா, மறுபடியும் வளைய மாட்டேங்குது," என்று அழுதார். கதவைச் சாத்திக்கொண்டு கத்தினார்கள்.

கதவு திறந்தது. வெளியிலிருந்து நேராக இறங்கி வந்து, வாசலை அடைத்துக்கொண்டு புலி நின்றார்.

அய்யாக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார். பெரிய கண்கள், மூடச் சற்று நேரம் பிடித்தது.

புலியின் மீசைப் பனி உருகிச் சொட்டியது. "அடடே, அடுப்படி மாதிரி இருக்கே," என்றார். கரடியை நகர்த்திவிட்டு, அவர் சாய்ந்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது, கரடியின் உடம்புச் சூடு. "என்ன எல்லாரும் இங்கே?"

பசித்த புலியிடம் முதலில் வாய் திறப்பது யார் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மேனேஜரைப் பாராட்ட வந்தோம், முதலாளி," என்றார் மந்தி.

மேலே கடைகளைப் பார்க்காமலே புலி திருப்தியாகப் போய்விட்டார். மேலே போனால் குளிரும் என்பதால் மற்றவர்கள் போகவில்லை. சாரைப்பாம்பு வளையத் தொடங்கிவிட்ட தன் உடம்பை ஒருமுறை வளைத்துப் பார்த்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினார். அன்றிலிருந்து தினம் சாயங்காலம் அங்கே புகார்க் கூட்டம்.

நடுக்குளிரில் முள்ளம்பன்றி மெக்கானிக் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். கூரையை ஒரு பார்வை பார்த்தார். "பூசணிக்காய்தான் சார் அடைச்சிருக்கு. எடுத்தா எரியும். எடுக்கட்டுமா?"

கீழேயிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. அய்யாக்கண்ணு நெடுநேரம் யோசித்தார். எடுத்தால் பாய்லர் எரியும். எரிந்தால் அவரவர் தம் கடையில் இருப்பார்கள். பாய்லர் என்றாவது நின்றுவிடும். புகாரும் அது தரும் சூடும் நிற்காது. இப்படி யோசிக்கிற நான் நல்லவன்தானா என்றும் கேட்டுக்கொண்டார். பதில் வருமுன் புலியின் பல் நினைவுக்கு வந்தது.

"டீ குடிச்சிட்டுப் போங்க," என்றார். "கோடையில பாத்துக்கலாம்."

பிறகு கீழே இறங்கினார்.

"பாய்லர் எப்பத்தான்யா சரியாகும்?" என்றார் மந்தி.

"பாத்துக்கிட்டேதான் இருக்கோம்."

கூட்டம் கொதித்தது. அறை இன்னும் கொஞ்சம் சூடானது.

நீதி: குறையைத் தீர்த்துவைப்பவன் தனியே குளிரில் நிற்பான், ஆகவே பனிக்காலத்துக்கு முன் எதையும் பழுதுபார்க்காதே, பொட்டு மட்டும் வை.