வாரத்துக்குப் பத்துச் சாப்பாடு

பரிசு என்பது வென்றவருக்குக் கிடைக்க வேண்டியது. இதில் எங்கள் ஊரில் இரண்டு கருத்து இருந்ததில்லை, வெர்னா ஸ்டாக்டேல் ஜெயிக்கும்வரை.

நெவாடா வெயிலில் இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள் வெர்னா. ஜூன் மாதம் அவள் வீட்டுக் கூரையிலிருந்த குளிரூட்டி செத்துப்போனது. புதியது நாலாயிரம் டாலர். அந்த வாரம்தான் ‘வெள்ளிக் கழுதை’ சூதாட்ட விடுதி பிளாக்ஜாக் சீட்டாட்டப் போட்டி அறிவித்தது. கட்டணம் நூறு டாலர். முதல் பரிசு ‘இருபதாயிரத்து எண்ணூறு டாலர் மதிப்புள்ளது’. பொய் சொல்கிறவன் முழு எண்ணாகச் சொல்வான். எண்ணூறு ஒட்டிக்கொண்டிருந்ததால் நம்பினோம்.

இந்தப் போட்டியில் கைச்சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டாமல் இருந்தால் மட்டும் போதாது. பக்கத்து நாற்காலிக்காரனைவிட ஒரு பந்தயச் சில்லாவது அதிகம் வைத்திருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளைக் கண்ணாடியில் பார்த்தே எண்ணிப் பழகிய வெர்னா, தலை திருப்பாமலே எல்லார் சில்லையும் எண்ணினாள். கடைசி ஆட்டத்தில் முடிதிருத்துகிற டூயி ஓச்சோவாவை ஒரே ஒரு சில்லில் வென்றாள்.

விடுதியின் விளம்பர மேலாளர் கிப் லாண்ட்ரி ஒரு பெட்டியை நீட்டினார். உள்ளே ஐந்நூற்று இருபது சாப்பாட்டுச் சீட்டு.

“என்னங்க இது?”

“நம்ம விருந்துக்கூடத்துச் சாப்பாடு மேடம். ஒண்ணு நாப்பது டாலர். பெருக்கிப் பாருங்க.”

“நாப்பது குடுத்து இங்க எவன் தின்னிருக்கான்? உறுப்பினர் அட்டை காட்டினா பன்னண்டு. அந்த அட்டையையும் வாசல்ல சும்மா குடுக்கறீங்க.”

“அது விலை மேடம். நாங்க போட்டது மதிப்பு.”

வெர்னா சீட்டைத் திருப்பினாள். செவ்வாய்க்கிழமை மட்டும், பிற்பகல் இரண்டு முதல் நாலு வரை, ஓராண்டுக்குள், வென்றவர் மட்டுமே உண்ணலாம்.

“அப்ப ஒவ்வொரு செவ்வாயும் நான் பத்துச் சாப்பாடு சாப்பிடணுமா?”

“மிச்சமில்லாம வகுபடுது பாத்தீங்களா?” என்றார் கிப், பெருமையாக.

வெர்னா மாநிலச் சூதாட்டத் தகராறு அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். துணை மதிப்பீட்டு அலுவலர் மில்ட்டன் பிராஷர் நேரில் வந்தார். மதிப்பைச் சாப்பிட்டுத்தான் அறிய முடியும் என்பதால் சாப்பிட்டார். மூன்றாவது தட்டு மாட்டு விலாவோடு சாய்ந்துகொண்டார்.

“மூணுலயே நின்னுட்டீங்களே சார்.”

“நான் அளவெடுக்க வந்தவன்மா. ஜெயிச்சவன் இல்ல.”

“மனுஷனால பத்து முடியுமா சார்?”

“விதியில மனுஷன்னு இல்லையேம்மா. வெற்றியாளர்னுதானே இருக்கு.”

பத்து நாளில் அறிக்கை வந்தது. ‘பரிசில் குறைபாடு ஏதும் காணப்படவில்லை. கொள்ளளவுக் குறைபாடு வெற்றியாளரிடமே காணப்படுகிறது. மேலும், உணவருந்தும்போது அவர் அனுபவிக்கும் குளிர்ச்சி பரிசுக் கணக்கில் விடுபட்டுள்ளது. அதன் மதிப்பு ஆயிரத்து இருநூறு டாலர். ஆக மொத்தம் இருபத்திரண்டாயிரம். நகல்: வரித்துறை.’

வரித்துறை ஐயாயிரத்து இருநூற்று எண்பது டாலர் கேட்டு எழுதியது. வெர்னா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிப்பிடம் போனாள்.

“உங்க பரிச நீங்களே வச்சுக்கங்க.”

“மூணு சீட்டு செலவாயிருக்கே மேடம். பயன்படுத்தினத திரும்ப எடுக்க முடியாது.”

“அது அந்த ஆபீசர் தின்னது.”

“அரசாங்கம் உங்க சார்பாத் தின்னது மேடம்.”

இதற்கு மேல் ஊர் பொறுக்கவில்லை. ‘இந்தப் போட்டி மோசடி’ என்று அதே தகராறு அலுவலகத்துக்கு டூயி மனு எழுதினான். கையெழுத்துக்கு ஆள் வேண்டும். எங்கள் ஊரில் நூறு பேர் ஒரே இடத்தில் நிற்பது அடுத்த பிளாக்ஜாக் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் வரிசையில்தான். பரிசு இந்த முறை ஆறாயிரம் டாலர், ரொக்கம். டூயி மனுவோடு போய் வரிசையிலும் நின்றுகொண்டான். முன்னால் வெர்னா நின்றாள்.

“நீயுமா வெர்னா?”

“வரி கட்டணுமே. நீ எதுக்கு வந்த?”

“போன தடவ ஒரு சில்லுல போச்சு.”

நாங்கள் வெயிலில் நின்று கையெழுத்திடுவதைப் பார்த்த கிப், மனுவுக்கென்று தனி மேசை போட்டார். பேனாவும் தண்ணீரும் கொடுத்தார். நூற்றுப் பன்னிரண்டு பேர் இரண்டு மேசையிலும் கையெழுத்திட்டோம்.

அந்தப் போட்டியில் டூயி ஜெயித்தான். வெர்னா ஒரு சில்லில் தோற்றாள். வரியைத் தவணையில் கட்டுகிறாள். செவ்வாய் தவறாமல் இரண்டு மணிக்குப் போய் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு நாலு வரை குளிரில் உட்கார்ந்திருக்கிறாள். அதற்கும் சேர்த்துத்தானே வரி.

மனுவின் மீதான தீர்ப்பு இலையுதிர் காலத்தில் வந்தது. ‘மனுவிலுள்ள பெயர்களும் போட்டிப் பதிவிலுள்ள பெயர்களும் ஒன்றே. நாளும் ஒன்றே. மோசடி என்று எழுதிக்கொடுத்துவிட்டு நூற்றுப் பன்னிரண்டு பேர் பணம் கட்டி ஆடும் போட்டியில் எவரும் ஏமாற்றப்பட்டதாகக் கொள்ள இயலாது.’

கிப் அதைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறார். நன்றாகப் பெரிய எழுத்து. வரிசை நகராதபோது அதைத்தான் படித்துக்கொண்டு நிற்கிறோம்.