புலி தின்னக் கூடாத மிளா

மான் புல்லைச் செரிக்கிறது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்தத் தவறு இன்றோடு ஒழிய வேண்டும். மான் புல்லை மெல்லும், அவ்வளவுதான். செரிப்பவை அதன் வயிற்றில் குடியிருக்கும் கோடிக்கணக்கான கிருமிகள்.

இதை அறியாத பெரிய மான் ஒன்று, மிளா இனத்தது, ஒரு காட்டில் இருந்தது. பெயர் கொம்பையா. அதன் குளம்பில் சீழ் பிடித்தது. நொண்டி நொண்டிக் கரடி வைத்தியர் தேனப்பனிடம் போயிற்று. பின்னாலேயே ஒரு கிழப்புலியும் போனது. ஓடும் இரையைப் பிடிக்க அதற்கு வயதில்லை. நொண்டும் இரையை விட மனமில்லை. ஆனால் வைத்தியரிடம் போகிறவரை வழிமறிப்பது முறையல்ல என்பதால், வாசலில் மரியாதையாக உட்கார்ந்தது.

"ஒரே வகைக் கிருமிதான் வேய். அதை மட்டும் அடிக்கிற ஊசி போடுதேன்," என்றார் வைத்தியர். பிறகு வாசலைப் பார்த்து, "அண்ணாச்சி, மருந்து கறியில தங்கும். ஒரு வாரத்துக்கு இவரைத் திங்கக் கூடாது."

"சட்டம்னா சட்டம்தான்," என்றது புலி, நாக்கைச் சுருட்டிக்கொண்டு.

கொம்பையாவின் காதுகள் நிமிர்ந்தன. "டாக்டர், இதைவிட அதிக நாள் திங்கக் கூடாத மருந்து இருக்கா?"

"இருக்கு. மாத்திரை. கண்ட கிருமியையெல்லாம் கொல்லும். ஒரு மாசத் தடை. ஆனா அசைபோடுறவங்களுக்கு ஆகாது. வயித்துக் கிருமியும் சேர்ந்து சாகும். தின்ன புல் அப்படியே கிடக்கும்."

"என் வயித்துல இருக்கிறவன் செத்தா நான் பார்த்துக்கிடுதேன். அண்ணாச்சி வயித்துக்கு நான் போனா யார் பார்ப்பா?"

இதற்கு வைத்திய நூல்களில் பதில் இல்லை. மாத்திரை கொடுக்கப்பட்டது.

குளம்பு ஆறியது. வயிறு நின்றது. தவில்போல் உப்பிக்கொண்டு, நல்ல குளம்புகள் நான்கும் இருந்தும் கொம்பையா நடக்க முடியாமல் கிடந்தது. புலி தினமும் வந்து முகர்ந்து, "இன்னும் மருந்து வாசம் அடிக்கு," என்று பெருமூச்சுவிட்டுப் போனது.

கடைசியில் வைத்தியர் ஒரு காட்டெருமையை அழைத்து, அது அசைபோட்டுக்கொண்டிருந்ததில் ஒரு வாய் வாங்கி மிளாவின் வாயில் திணித்தார்.

"சீ, அடுத்தவன் எச்சில்!"

"எச்சில் இல்ல வேய், வேலையாட்கள். முழுங்கும்."

வேலையாட்கள் உள்ளே போய் வேலையைத் தொடங்கினார்கள். உப்பல் வடிந்தது. ஆனால் ஓடுவதற்குத் தெம்பு வரவில்லை. தடையோ மறுநாளோடு முடிகிறது.

"டாக்டர், இன்னொரு மாத்திரை!"

"நோயில்லாதவருக்கு மருந்து கொடுத்தா கிருமி அதுக்குப் பழகிரும். மாட்டேன். என்னைப் பாரும், இந்த வயசுவரைக்கும் ஒரு மாத்திரை தொட்டதில்ல. தேன் மட்டும்தான்."

வாசலில் ஒரு மாதப் பட்டினியோடு படுத்திருந்த புலி தலையைத் தூக்கியது. "அப்படியா டாக்டர்? ஊசிகூட இல்லையா?"

"ஊசிகூட இல்ல அண்ணாச்சி," என்றார் வைத்தியர் பெருமையாக.

மறுநாள் மருத்துவமனை திறக்கவில்லை. கொம்பையா மாத்திரைக்காக மதியம்வரை வாசலில் நின்றது. அந்தப் பக்கம் வந்த புலி, ஒரு ஏப்பம் விட்டு, நலம் விசாரித்துவிட்டுக் கடந்துபோனது.

நீதி: நோயாளிக்கு எழுதும் மருந்தில் ஒரு வேளையை வைத்தியரும் விழுங்கிவைப்பது உடம்புக்கு நல்லது.